ஐந்தாம் வாரத்துப் பெயர்

அந்தத் தையல் கம்பெனியில் அவளை எல்லோரும் சூப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். சூப்பர்வைசர் என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சட்டை அடுத்த மிஷினுக்குப் போய்விடும் இடம் அது. அவள் பொறுப்பில் நாற்பது மிஷின், நாற்பது பெண்கள், ஒரே வரிசை. முதல் மிஷினில் துணியாக நுழைவது கடைசி மிஷினில் சட்டையாக வெளியே வரும். நடுவில் எங்கே முட்டினாலும் அங்கே துணி மூட்டை மூட்டையாகக் குவியும். அதற்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வம்பு பேசுவார்கள். மேனேஜர் தன் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வருவார். அவர் எழுந்து வராமல் பார்த்துக்கொள்வதுதான் சூப்பரின் வேலை, அதைப் பதினோரு வருஷமாக நன்றாகவே பார்த்து வந்தாள்.

வரிசையில் இருபத்தி இரண்டாவது மிஷின் காலர் வைப்பது. சட்டையில் வேறு எங்கே தப்பு நடந்தாலும் பூசி மெழுகிவிடலாம், காலரில் முடியாது. இரண்டு முனையும் ஒரே கூர்மையில் நிற்க வேண்டும். ஒன்று ஒரு நூல் ஏறிவிட்டாலும் போட்டுக்கொண்டவனுக்குக் கழுத்தே கோணல் என்று தோன்றும். அந்த மிஷினில் உட்கார்ந்திருந்தவள் சூப்பரின் அண்ணி, கூடப்பிறந்த ஒரே அண்ணனின் மனைவி. அண்ணி வைத்த காலரை செக்கிங் மேசையில் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் நாத்தனார், கம்பெனியில் அதிகாரி என்று ஒருத்தி வாய்த்தால் வேறு பெண்கள் ஒன்று அழுவார்கள், அல்லது வேலையை விட்டுவிடுவார்கள். அண்ணி அதைத் தமாஷாக்கிவிட்டாள். "இங்க நீ சொல்றதை நான் கேக்கறேன், வீட்டுக்கு வந்தா நான் சொல்றதை நீ கேளு, சரியாப் போச்சு" என்பாள்.

தொற்று பரவி, கம்பெனி இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, திறந்து கொஞ்ச நாளில் தடுப்பூசி வந்தது. புதன்கிழமைதோறும் ஒரு வேன் கம்பெனி வாசலுக்கே வரும், ஒரு வரிசைக்கு வாரம் எட்டுப் பேருக்குப் போடும் என்று சொன்னார்கள். மேனேஜர் நான்கு வரிசை சூப்பர்வைசர்களையும் கூப்பிட்டார்.

"யார் யாருக்கு எந்த வாரம்னு நீங்களே பிரிச்சுக்குங்க. போட்டுக்கிட்டா மறுநாள் காய்ச்சல் வருதாம், ரெண்டு நாள் ஆள் வராது. அதெல்லாம் எனக்குத் தெரியாது, டார்கெட் குறையக் கூடாது" என்றார்.

மற்ற மூன்று பேரும் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். நம் சூப்பர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எந்த வேலையிலும் ஒரு திட்டம் இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் மேசையில் உட்கார்ந்து, வரிசையின் படம் போட்ட தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் ஐந்து கட்டம் கிழித்தாள். பக்கத்துப் பக்கத்து மிஷினில் இருக்கும் இரண்டு பேர் ஒரே வாரத்தில் போகக் கூடாது. ஒரு வேலையை இரண்டு பேர் தெரிந்து வைத்திருந்தால் அவர்கள் முதலில் போகலாம், ஒருத்தி இல்லாவிட்டால் மற்றவள் பார்த்துக்கொள்வாள். பதிலுக்கு ஆள் இல்லாதவர்கள் கடைசியில். காலருக்குப் பதில் ஆள் என்று யாருமே இல்லை. கப்பலேறப் போகிற பெரிய ஆர்டருக்கு ஐந்தாம் வாரத்துக்குள் காலர் வைத்து முடிந்துவிடும், அப்புறம் காலர் மிஷின் இரண்டு நாள் தூங்கினாலும் கேட்பாரில்லை. ஐந்தாவது கட்டத்தில் முதல் பெயராக அண்ணியின் பெயரை எழுதினாள். முதல் கட்டத்தில் எட்டுப் பேரோடு ஒன்பதாவதாகத் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டாள், யாராவது முன்னால் போய்க் காட்டினால்தான் மற்றவர்கள் வருவார்கள் என்று.

மேனேஜர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இதைப் பாத்துக் கத்துக்குங்க" என்று மற்ற மூன்று பேரிடமும் நீட்டினார். அன்று முழுக்க சூப்பருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அண்ணியிடம்கூட அந்தப் பெருமையைச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு எதற்கோ அடக்கிக்கொண்டாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாளில் கடைசியில் பெயர் வருவது அதிர்ஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஊசி போட்டால் கை தூக்க வராதாம், கண் மங்குமாம், யாரோ ஒருத்தி உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாளாம் என்று கதை கதையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. முதல் வாரத்துப் பட்டியலில் இருந்த எட்டுப் பேரும் சண்டைக்கு வந்தார்கள். "நாங்க என்ன பலியாடா, எங்களை எதுக்கு முன்னாடி போட்டே?" என்று பட்டன் வைக்கிறவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். சூப்பருக்கு அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இல்லை. "நான் எங்க போட்டேன்? ஆபீஸ்ல கம்ப்யூட்டர் போட்ட லிஸ்ட் அது. என் பேரும்தான் முதல்ல இருக்கு" என்றாள். சின்னப் பொய்தான், அந்த நேரத்துக்குக் கை கொடுத்தது. எல்லோரும் கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு மிஷினுக்குத் திரும்பினார்கள்.

அண்ணியும் சிரித்தாள். "நான் கடைசி. நீங்க எல்லாரும் உயிரோட இருக்கீங்களான்னு பாத்துட்டு அப்புறம் வரேன்" என்றாள்.

சூப்பர் முதல் புதன்கிழமை முதல் ஆளாகக் கையை நீட்டினாள். மறுநாள் உடம்பு அனலாகக் கொதித்தது. அண்ணி இரண்டு நாளும் தன் காலரையும் வைத்து, நடுநடுவே எழுந்து வரிசையையும் ஒரு நடை பார்த்து, சாயங்காலம் நேராக சூப்பரின் வீட்டுக்கு வந்து நெற்றியில் ஈரத்துணி போட்டாள். "நிம்மதியாப் படு. மேனேஜர் எழுந்தே வரல" என்று சொன்னாள். அதைக் கேட்டதும்தான் சூப்பருக்குக் காய்ச்சலே விட்டது.

மூன்றாம் வாரத்தில் காற்று திசை மாறியது. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத பொழுது இல்லை என்றாயிற்று. துணி வெட்டும் பகுதியில் ஒருவருடைய அப்பா போய்விட்டார். இரண்டாம் வரிசையில் அயர்ன் போடுகிறவளின் வீட்டில் நான்கு பேரும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பலியாடு என்று கத்தியவளே இப்போது தோளைத் தடவிக்கொண்டு, "நல்லவேளை, எனக்குப் போட்டாச்சு" என்றாள். நான்காம் வாரத்தவர்களும் ஐந்தாம் வாரத்தவர்களும் சூப்பரின் முகத்தையே பார்த்தார்கள்.

அண்ணி முதல் தடவை கேட்டது கம்பெனியின் தண்ணீர்க் குழாயடியில்.

"சூப்பரு, என் பேரைக் கொஞ்சம் முன்னாடி தள்ள முடியுமா பாரேன்."

"ஏன் அண்ணி, பயம் வந்துடுச்சா?"

"எனக்கு என்ன பயம். உங்க அண்ணன்தான், நான் போட்டுக்கிட்டு வந்தாத்தான் அவரும் போட்டுப்பாராம். ரோட்டுல லாரிக்கே பயப்படாத மனுஷன், ஊசின்னா காரை நடுவுல விட்டுட்டு ஓடிடுவார் போல இருக்கு."

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இருபது வருஷம் கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, பஸ்ஸில் போனாலும் திருப்பம் வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அதை நினைத்து இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சூப்பர் சொன்னாள்:

"ஆபீஸ் லிஸ்ட் அண்ணி. நான் கை வெச்சா சும்மா விடுவாங்களா? சொந்தக்காரிக்கு முன்னாடி போட்டுட்டான்னு மொத்த கம்பெனியும் பேசும்."

இப்படிச் சொன்னபோது அவளுக்கே அது நியாயமாகத்தான் பட்டது. நேர்மை என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டாள். நேர்மை வேண்டுமென்றால் மற்றவர்களைப் போலச் சீட்டுக் குலுக்கியிருக்கலாம். அவளுக்கு வேண்டியிருந்தது இருபத்தி இரண்டாவது மிஷின் ஓடுவது. கப்பலுக்கு இன்னும் நான்காயிரம் சட்டை பாக்கி இருந்தது.

இரண்டாவது தடவை கேட்டது அண்ணன் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். இந்தத் தடவை அண்ணனும் சேர்ந்துகொண்டார். "நீதான் அங்க பெரிய ஆளாச்சே. அண்ணிக்கு ஒரு ஊசி சொல்லி வாங்கித் தர முடியாதா உன்னால?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் கேட்டுவிட்டுத் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் பத்து நாள்தானே அண்ணா" என்றாள். அண்ணி உடனே, "ஆமா, பத்து நாள்தானே, விடுங்க. அவளுக்கு அங்க தலைக்கு மேல வேலை" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

பத்து நாள்தானே. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த இரண்டு சொல்லையும் சூப்பர் தன் காதாலேயே கேட்டாள், பல் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது.

இன்னொன்றும் உண்டு. அண்ணிக்குக் கண்ணாடி. முகக்கவசத்தை ஒழுங்காக ஏற்றிப் போட்டால் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் பனி பிடிக்கும், ஊசி முனை தெரியாது. அதனால் காலர் முனையைத் திருப்பும்போது முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் தைப்பாள். வரிசையில் வேறு யார் இறக்கினாலும் சூப்பர் தோளைத் தட்டிச் சொல்வாள். இருபத்தி இரண்டாவது மிஷினைத் தாண்டும்போது மட்டும் அவள் கண் இருபத்தி மூன்றாவது மிஷினில் இருக்கும்.

நான்காம் வாரத்துச் சனிக்கிழமை அண்ணி உடம்பு வலிக்கிறது என்றாள். திங்கட்கிழமை மூச்சு வாங்கியது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புதன்கிழமை வழக்கம்போல வேன் வந்தது. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸ் ஐந்தாம் வாரத்துப் பட்டியலை எடுத்து, முதல் பெயரை உரக்க வாசித்தார். யாரும் போகவில்லை. இன்னொரு தடவை வாசித்தார். சூப்பர் போய், "அவங்க வரல" என்றாள். திறந்த மருந்தை வீணாக்கக் கூடாது என்று அந்த ஊசியை வாட்ச்மேனுக்குப் போட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணனுக்கு வந்தது. ஆம்புலன்ஸில் படுக்க மாட்டேன் என்று உட்கார்ந்தே போனார். சூப்பர் தெருவில் பத்தடி தள்ளி நின்றாள், கிட்டே விடவில்லை. கதவைச் சாத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. தெரு முனையில் அது திரும்பும்போது அவருடைய வலது கால் தரையை அழுத்துவது அவளுக்குத் தெரிந்தது. அண்ணி தேறி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அதே ஆஸ்பத்திரியின் மாடியில் அண்ணன் போய்விட்டார்.

அண்ணியின் நுரையீரல் தேற மாதக்கணக்கில் ஆகும், மூன்று மாதம் கழித்து ஊசி போட்டுக்கொண்டு பிறகு வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மூன்று மாதமும் சூப்பர் வேலை விட்டதும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை வீடு. கதவுக்குப் பின்னால் அண்ணன் காரில் மாட்டும் சிவப்பு எல் போர்டு சுவரில் சாய்ந்திருக்கும். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் குழாயை ஊதி உள்ளே இருக்கும் பந்தை மேலே ஏற்றுகிற பயிற்சி செய்துகொண்டிருப்பாள். பந்து பாதி தூரம் ஏறி விழும்.

"காலர் யாரு வைக்கறா?" என்று ஊதலுக்கு நடுவே கேட்பாள்.

"ஏதோ சமாளிக்கிறோம் அண்ணி. நீங்க வாங்க முதல்ல."

"சீக்கிரம் வந்துடறேன். நீ அங்க திண்டாடிட்டு இருப்பே" என்பாள் அண்ணி. சொன்னதும் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும். அதைப் பார்த்துவிட்டு சூப்பர் வேறு எதுவும் சொல்ல மாட்டாள்.

அந்த வீட்டில் அண்ணியின் மகளும் இருந்தாள். பத்தொன்பது வயது, காலேஜ் பாடத்தை ஃபோனிலேயே படித்துக்கொண்டிருந்தாள். அப்பா செல்லம். அப்பா போன பிறகு அம்மாவிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மாத்திரை, தண்ணி, சாப்பாடு மேசையில இருக்கு, இவ்வளவுதான் பேச்சு. கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. குறை வைத்திருந்தாலாவது அண்ணி ஒரு சண்டை போட்டு அழுதிருக்கலாம்.

ஒருநாள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே மகள் கேட்டாள். "அத்தை, நீங்க அங்கதானே இருந்தீங்க. நீங்களே சொல்லுங்க. அம்மா மாஸ்க்கை இறக்கி விட்டுட்டுத்தானே தைப்பாங்க?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அம்மாவே சொன்னாங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு, நான்தான் கொண்டாந்து உங்க அப்பாக்குக் குடுத்துட்டேன்னு புலம்பினாங்க. ஒரு மாஸ்க்கைப் போட முடியலையா அத்தை? அவ்வளவுதானே வேலை?"

அந்த இடத்தில் சூப்பர் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, மகளின் கண் அவள் மேலேயே இருந்தது. இருக்கிற ஒரே அத்தை, ஒரே ஆறுதல் என்று பார்க்கிற பார்வை. "கண்ணாடியில பனி பிடிக்கும்ல, அதான்" என்றாள் சூப்பர். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் இவ்வளவு மோசமாக இருந்திருக்காது. மகள் தலையை ஆட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்தாள். முன் அறையில் பந்து ஏறி விழும் சத்தம் நின்றிருந்ததை சூப்பர் அப்புறம்தான் கவனித்தாள்.

அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. செய்ததைவிடச் சொல்லாமல் இருந்ததுதான் உறுத்தியது. தான் வாயைத் திறந்தால் அண்ணியின் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கும், மகள் அம்மாவிடம் திரும்பி வருவாள். அப்புறம் அந்த வீட்டுக்குத் தான் போக முடியாது. அண்ணனும் இல்லாமல், அண்ணியும் இல்லாமல், மகளும் இல்லாமல் எங்கே போவது? நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தட்டிக் கழித்தாள். பட்டியல் போடத் தெரிந்தவளுக்குத் தேதி தள்ளவா தெரியாது.

மூன்று மாதம் முடிந்தது. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே நாளில் முறை வந்தது. துணைக்கு சூப்பர் லீவு போட்டுவிட்டுப் போனாள். பதினோரு வருஷத்தில் காய்ச்சலும் சாவும் இல்லாமல் அவள் போட்ட முதல் லீவு அதுதான்.

வரிசையில் நின்று, அவர்கள் இருவருக்கும் ஊசி போட்டு முடிந்ததும், அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லி ஒரு பெரிய வகுப்பறைக்கு அனுப்பினார்கள். கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட கணக்கு இருந்தது. பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்று விட்டு ஒரு நாற்காலியில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டியிருந்தது, அதில் உட்காரக் கூடாது. வாசலில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற தபால்காரராம், தொண்டு வேலையாக வந்தவர். ஒவ்வொருவர் சீட்டிலும் ஊசி போட்ட நேரத்தையும் எழுந்து போகும் நேரத்தையும் எழுதிக்கொடுத்தார். அண்ணி நடுவில் உட்கார்ந்தாள். ஒரு குறி நாற்காலி தள்ளி இந்தப் பக்கம் சூப்பர். அந்தப் பக்கம் மகள் இரண்டு நாற்காலி கூடுதலாகவே தள்ளிப் போய் உட்கார்ந்து ஃபோனை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணியின் கண்ணாடியில் பனி பிடித்தது. சீட்டில் எழுதியிருந்த நேரத்தைப் படிப்பதற்காக முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கினாள். கை பழக்கம், நினைத்துச் செய்தது இல்லை.

"அம்மா, மாஸ்க்கை ஏத்திப் போடுங்க" என்றார் பெரியவர், மரியாதையாகத்தான்.

மகள் ஃபோனிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள், "இன்னுமா புத்தி வரல."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அது பாதி காலியான அறை, எல்லோருக்கும் கேட்டது. அண்ணி முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரைக்கும் ஏற்றிவிட்டு, பனி பிடித்த கண்ணாடியோடு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க சூப்பருக்கு மனசு ஆறவில்லை.

"மாஸ்க்கால இல்ல" என்றாள் சூப்பர்.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா மேல தப்பு இல்லம்மா. மாஸ்க்கை இறக்கினது தெரிஞ்சும் நான்தான் ஒண்ணும் சொல்லாம போனேன். சொன்னா காலர் லேட் ஆகும்னு." மகளின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "அந்த லிஸ்ட் ஆபீஸ்ல போட்டது இல்ல. கம்ப்யூட்டரும் போடல. நான் போட்டேன். என் கையால பென்சில்ல எழுதினேன். உங்க அம்மாவைக் கடைசியில வெச்சது நான்தான்."

"நீங்கதானே அத்தை, ஆபீஸ்ல போட்டதுன்னு அம்மாகிட்ட..."

"பொய் சொன்னேன். உங்க அம்மா ரெண்டு தடவை முன்னாடி போடச் சொல்லிக் கேட்டாங்க. உங்க அப்பா ஒரு தடவை கேட்டார். நான் மாத்திப் போட்டிருக்கலாம், ரப்பர் வெச்சு அழிச்சா ஒரு நிமிஷ வேலை. அம்மாக்கு மூணாவது வாரமே போட்டிருந்தா மறுநாளே அப்பாவும் போட்டுட்டு இருப்பார். இந்த மூணு மாசமா நீ அம்மாவைப் பேசறதைக் கேட்டுட்டு வாயை மூடிட்டு இருந்ததும் நான்தான்."

சொல்லி முடித்துவிட்டாள். இதற்குப் பிறகு இருவரும் திட்டுவார்கள், அழுவார்கள், எழுந்து போவார்கள் என்று எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பெரியவர் யாருக்கோ நேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். முனையிலிருந்து முனைவரை, காலர் திருப்புகிற அதே நிதானத்தில் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"எதுக்கு என்னைக் கடைசியில போட்டே?" என்று கேட்டாள். கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நீங்க இல்லன்னா லைன் நின்னுடும்னு அண்ணி."

அண்ணி கையிலிருந்த கண்ணாடியை மடக்கினாள்.

"நான் ஆஸ்பத்திரியில கிடந்தேனே. அப்ப நின்னுச்சா?"

இதை சூப்பர் எதிர்பார்க்கவில்லை. நின்றது என்று சொல்லலாம். சொன்னால் அண்ணிக்கு அதாவது மிஞ்சும், ஊதலுக்கு நடுவே முகத்தில் வருகிற அந்த உயிராவது மிஞ்சும். ஆனால் இந்த மூன்று மாதத்தில் சொன்ன பொய்யே போதும் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"நிக்கல அண்ணி."

"யாரு வெச்சது காலர்?"

"சட்டைக் கைக்குக் கஃப் தைக்கற அக்கா. முதல் ரெண்டு நாள் தடுமாறினாங்க. மூணாம் நாள் ஓரளவுக்கு வந்துடுச்சு."

"டார்கெட்?"

"அஞ்சாம் நாள்ல இருந்து வந்துடுச்சு. கப்பலுக்கு ஒரு நாள் முன்னாடியே முடிச்சுட்டோம்."

அண்ணி தலையை ஆட்டினாள். மூட்டை எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று சொன்னால் எப்படி ஆட்டுவாளோ அப்படி ஆட்டினாள். "அஞ்சு நாள்" என்றாள் தனக்குள்ளேயே. பிறகு கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு, முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள். அண்ணன் இறந்த அன்றுகூட மூச்சு முட்டும் என்று அழாமல் அடக்கியவள், இப்போது தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

சூப்பர் எழப்போனாள். அவளுக்கு முன்னால் மகள் எழுந்து வந்துவிட்டாள். அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவிலிருந்த நாற்காலியில், சிவப்பு டேப்பின் மேலேயே உட்கார்ந்து, அத்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அதுல உக்காரக் கூடாதும்மா" என்றார் பெரியவர். மகள் நகரவில்லை. அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அரை மணி முடிந்ததும் மகள் அம்மாவின் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டாள். முகக்கவசத்தை அவளே சரி செய்து, மேல் விளிம்பை மூக்கின் மேல் பதமாக அழுத்திவிட்டாள். பனி பிடிக்கவில்லை. இரண்டு சீட்டையும் நீட்டினாள், பெரியவர் நேரம் எழுதினார். வாசற்படியில் அண்ணி ஒரு தடவை நின்றாள். திரும்பிப் பார்ப்பாள் என்று சூப்பர் நினைத்தாள். மூச்சு வாங்குவதற்காக நின்றிருக்கிறாள், வாங்கியதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

சூப்பர் எழுந்திருக்கவில்லை. அறையில் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள், புதிதாக ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெரியவர் கையில் பேனாவோடு அவளுக்கு எதிரே வந்து நின்றார்.

"ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களேம்மா. சீட்டைக் காட்டுங்க, உங்களுக்கு எத்தனை மணிக்குப் போட்டாங்க?"

"எனக்கு இன்னைக்கு இல்லைங்க" என்றாள் சூப்பர். "எனக்கு எல்லாருக்கும் முன்னாடியே போட்டாச்சு."